முடிச்சும் மெழுகும் கூலியும்

சென்ற தவணையின் இறுதியில் எமது பாடசாலையில் பழம்பொருட் கண்காட்சியொன்றை நடத்தினோம். கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றின் ஓரத்தில் நிற்கும் சிறிய பாடசாலை அது. மேலே தேயிலை, கீழே இறப்பர், நடுவே நாம். "உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய பொருளைக் கொண்டு வாருங்கள்" என்று மாணவர்களிடம் சொன்னபோது, லயத்து வீடுகளில் பழைய பொருள் என்று என்ன இருக்கப்போகிறது என்ற ஐயம் எமக்கே இருந்தது. ஆயினும் மேசை நிறைந்தது. துருவேறிய கவ்வாத்துக் கத்தி வந்தது. நசுங்கிய பித்தளைச் செம்பு வந்தது. பத்தாம் வகுப்பு மாணவியொருத்தி தகரப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சேலையைக் கொண்டு வந்தாள். அவளுடைய அம்மாயிக்கு அவருடைய தாய் கொடுத்தது. மதுரைச் சுங்குடி. அரக்கு நிறம் வெளிறியிருந்தது. ஆனால் அந்த வெண்புள்ளிகள், நடுவிலே ஊசிமுனை நிறமும் சுற்றிலும் வெள்ளை வளையமுமாக, இன்னும் விழித்துக்கொண்டிருந்தன.

இன்னொருத்தி பழம்பொருள் கிடைக்காமையால் புதுத்துணியொன்றைக் கொண்டு வந்தாள். கொழும்பு–கண்டி வீதியோரத்துப் பத்திக் பட்டறையொன்றில் அவளுடைய அக்காள் வேலை செய்கிறாள். சாயம் கசிந்ததென்று கழித்துப்போட்ட துண்டு அது. இரண்டையும் ஒரே கொடியில் தொங்கவிட்டோம். ஆசிய மக்களின் கலைச்செல்வம் என்றும், ஆயிரமாண்டுப் பாரம்பரியம் என்றும் நாம் பெருமிதத்தோடு பேசி முடித்தபோது, பத்திக் துண்டைக் கொண்டுவந்த பெண் எழுந்து கேட்டாள்:

"சேர், எங்க அக்கா மெழுகு பூசுற சாரிய அவளால வாங்க முடியாது. அப்புறம் அதை நம்ம செல்வம்னு எப்படிச் சொல்றது?"

அன்று நாம் சொன்ன விடை எமக்கே நிறைவு தரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

துணிக்குச் சாயமிடுவது எங்கும் உள்ள தொழில். சாயம் ஏறாதபடி துணியின் ஒரு பகுதியைக் காத்து, அந்தக் காப்பினாலேயே கோலம் படைப்பது ஆசியாவில் பெருவளர்ச்சி பெற்ற கலை. அதற்கு வழிகள் மூன்று. துணியைச் சிறுசிறு முனைகளாகக் கிள்ளியெடுத்து நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பது ஒன்று. மதுரையின் சுங்குடியும், குஜராத், இராஜஸ்தானத்துப் பாந்தினியும், ஜப்பானின் ஷிபோரியும் இவ்வகையின. உருக்கிய மெழுகால் துணிமீது எழுதியோ அச்சுக் குத்தியோ சாயமிட்டு, பின்பு கொதிநீரில் மெழுகைக் கரைத்தெடுப்பது மற்றொன்று. இதுவே பத்திக், சாவகத்தீவில் இது உச்சம் தொட்டது. மூன்றாவது வழி நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயமிடுவது. மலாய் மொழியில் கட்டுதலைக் குறிக்கும் இகத் என்ற சொல்லே இதற்கு உலகப் பெயராயிற்று. பாவு, ஊடு ஆகிய இரு நூல்களையும் முன்கூட்டியே கட்டிச் சாயமிட்டு, தறியிலே புள்ளிக்குப் புள்ளி பொருந்தும்படி நெய்யும் இரட்டை இகத், குஜராத்தின் பாட்டன் நகரத்துப் பட்டோலாவிலும், பாலித்தீவின் தெங்கனான் கிராமத்துக் கெரிங்சிங்கிலும், இன்னும் மிகச்சில இடங்களிலுமே கைவந்திருக்கிறது.

இவற்றின் தொன்மை வியப்பூட்டுவது. செங்கடற் கரையில் எகிப்தின் பெரெனிகே துறைமுகத்து அகழ்வுகளில், கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த, இம்முறையில் சாயமிட்ட இந்தியப் பருத்தித் துணித்துண்டுகள் கிடைத்துள்ளன. அஜந்தாச் சுவர்களில் தீட்டப்பெற்ற மாந்தரின் ஆடைகளில் கட்டுச்சாயக் கோலங்களை ஒத்தவற்றைக் காண்கிறோம். 7ஆம் நூற்றாண்டில் பாணர் தமது ஹர்ஷசரிதத்தில் இராச்சியஸ்ரீயின் திருமணத்துக்காகத் துணிகளைக் கட்டிச் சாயமிட்டதை வருணிக்கிறார். கட்டு என்னும் பொருள்படும் பந்தனத்தின் வழித்தோன்றலே, மேலைநாட்டுத் தொழிலாளி கழுத்திலே கட்டிக்கொண்ட 'பந்தானா' என்னும் கைக்குட்டை. சொற்கள் கூடத் துணியோடு கப்பலேறின.

இத்துணிகள் நம் மனத்தை ஈர்ப்பது ஏன்? அச்சடித்த துணியில் ஆயிரம் புள்ளிகள் இருப்பினும் அவையாவும் ஒரே புள்ளியின் நகல்கள். சுங்குடியில் ஒரு புள்ளி மற்றொன்றைப் போல் இராது. ஒரு முடிச்சு சற்றே தளர்ந்திருக்கும். அங்கே சாயம் எட்டிப்பார்த்திருக்கும். மாலை மயங்கும் வேளையில் கட்டிய முடிச்சும், காலை வெளிச்சத்தில் கட்டிய முடிச்சும் வேறுபடும். பத்திக் துணியில் மெழுகு வெடித்த இடத்தில் ஓடும் மெல்லிய நரம்புக் கோடுகளை வரைந்தவர் எவருமில்லை. துணியும் மெழுகும் கையும் சேர்ந்து நிகழ்த்திய தற்செயல் அது. துணியைப் பார்க்கும்போது, முகமறியாத ஒரு மனிதரின் நேரத்தைப் பார்க்கிறோம். இந்த ஈர்ப்பு பொய்யன்று. இதனை முதலாளித்துவ ரசனை என்று தள்ளிவிடுவோரோடு நாம் உடன்படோம்.

ஆனால் அந்த நேரத்துக்கு உரியவர் யார் என்று கேட்கத் தொடங்கினால், வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகிறது.

முதலில் சாயத்தையே எடுத்துக்கொள்வோம். சோழமண்டலத் துணிகளின் புகழ்பெற்ற சிவப்புக்குச் சாயவேர் என்னும் சிறு செடியின் வேர் தேவைப்பட்டது. அது யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தோண்டியெடுக்கப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சியில் அவ்வேர் அரசின் தனியுரிமைப் பொருள். அதனைத் தோண்டுவது ஒடுக்கப்பட்ட ஒரு சாதியார்மீது சுமத்தப்பட்ட கட்டாயக் கடமை. நீலத்தின் கதை இன்னும் கொடிது. நெல் விளைய வேண்டிய நிலத்தில் அவுரியை விதைக்கும்படி வங்காளத்து உழவர் வற்புறுத்தப்பட்டனர். 1859இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1917இல் சம்பாரணில் காந்தியடிகள் கையிலெடுத்ததும் அதே அவுரியின் துயரையே. செருமானிய ஆலையொன்று செயற்கை நீலத்தை 1897இல் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னரே அவுரியின் ஆதிக்கம் சரியத் தொடங்கியது. துணியிலே நீலம் எவ்வளவு ஆழமோ, அதற்குப் பின்னிருந்த கட்டாயமும் அவ்வளவு ஆழம்.

அடுத்து, அறிவை எடுத்துக்கொள்வோம். மெழுகிட்டு நீலம் தோய்க்கும் முறை உள்ளிட்ட சோழமண்டலச் சாயக்கலையைக் கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1742இல் விரிவான மடலாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். இங்கிலாந்து 1721இலும், பிரான்சு அதற்கு முன்பே 1686இலும், இந்திய அச்சுத்துணிகளைத் தடைசெய்து தம் நெசவாளரைக் காத்துக்கொண்டிருந்த காலம் அது. பின்பு அந்த அறிவும் எந்திரமும் கூடின. ஐரோப்பிய ஆலைத்துணி கீழ்நாடுகளிலே வந்து குவிந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து ஆலைகள் பத்திக்கைக்கூட எந்திரத்தால் போலிசெய்து சாவகத்தில் விற்க முனைந்தன. பிற்பாடு அவ்வகைத் துணிகளே மேற்கு ஆபிரிக்கச் சந்தையைப் பிடித்தன. பாதிரியாரின் பெயரை வரலாறு அறியும். அவருக்குக் கற்றுக்கொடுத்த தமிழ்நாட்டுச் சாயத்தொழிலாளரின் பெயரை எந்த ஏடும் சுமக்கவில்லை.

இனி, உடுத்தியவரைப் பார்ப்போம். சாவகத்தின் அரசவைகளில் 'பராங்' முதலிய சில கோலங்கள் அரச குடும்பத்துக்கே உரியவை. அவற்றை எழுதிய பெண்ணே உடுத்தினாலும் குற்றம். நம் பக்கத்திலும் இதற்கு நிகர் உண்டு. கும்பகோணத்துக்கு வடக்கே கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள கோடாலிக்கருப்பூரில், பருத்தியோடு பொற்சரிகை கலந்து நெய்து, அதன்மீது மெழுகெழுதிச் செஞ்சாயம் தோய்த்த சேலைகள் தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்கென்றே ஆக்கப்பட்டன. 1855இல் அந்த அரசு வாரிசின்றி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அக்கலையும் மங்கி மறைந்தது. அரசனை மட்டுமே நம்பிய அழகு அரசனோடு உடன்கட்டை ஏறியது என்று சொல்லலாம். இதற்கு நாம் கண்ணீர் வடிக்கலாம். ஆனால் எதற்காக வடிக்கிறோம் என்று தெரிந்து வடிக்க வேண்டும்.

சுங்குடி இதற்கு நேர்மாறானது. குஜராத்திலிருந்து தெற்கே பெயர்ந்து, நாயக்கர் காலத்தில் மதுரையிலே நிலைகொண்ட சௌராஷ்டிர மக்கள் அதனைத் தமிழ்நாட்டின் உடைமையாக்கினர். பருத்திச் சேலை, வெயிலுக்கு ஏற்றது, எளிய குடும்பங்களும் வாங்கக்கூடியது. எமது மாணவியின் அம்மாயியைப் போன்ற ஒரு தோட்டத் தொழிலாளியின் பெட்டியில் அது இடம்பெற்றது அதனாலேயே. ஆகவே இதோ மக்கள் கலை, இங்கே சிக்கலேதுமில்லை என்று முடித்துவிடலாமா?

இங்கேதான் சிக்கல் இறுகுகிறது. அந்தச் சேலை ஏன் மலிவாக இருந்தது? மதுரையின் சந்துகளில் வீட்டுத் திண்ணையிலும் அடுப்படியிலும் அமர்ந்து முடிச்சிட்ட பெண்ணின் கூலி மலிவாக இருந்ததால். அவள் சமையலுக்கும் குழந்தைக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் கட்டினாள். எனவே அது உழைப்பென்றே எண்ணப்படவில்லை. இந்தப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஓர் ஏழைப்பெண். அந்தப் பக்கம் முடிச்சிடும் ஓர் ஏழைப்பெண். ஒருத்தியின் திருநாள் மகிழ்ச்சி மற்றொருத்தியின் கூலிக்குறைவின்மேல் நின்றது. முடிச்சிட்டவளுக்கு நியாயமான கூலி கொடுத்தால் பறிப்பவளால் சேலையை வாங்க முடியாது. பறிப்பவளுக்குச் சேலை எட்ட வேண்டுமானால் முடிச்சிட்டவள் பட்டினி கிடக்க வேண்டும். அறத்தின் கேள்வி இவ்வளவு கூர்மையாக ஒரு துணியிலே முடிந்து கிடக்கும் என்று நாம் முன்பு எண்ணியதில்லை.

இதற்கு இரண்டு எளிய விடைகள் சொல்லப்படுகின்றன.

முதல் விடை மரபுக் காவலருடையது. கலையைக் காப்பாற்றுங்கள், எந்திரத்தை விலக்குங்கள், கைக்குத் திரும்புங்கள் என்பர். கொழும்பிலே 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இந்த மண்ணின் கனிவளங்களை ஆராய வந்தவர். ஊரூராய்த் திரிந்தபோது கைவினைகள் அழிவதைக் கண்டு நெஞ்சு நொந்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை 1908இல் வெளியிட்டார். வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று என்பது பொருள் பொதிந்த செய்தி. மொரிஸ் 1881 முதல் மெர்ட்டன் அபே பட்டறையில் அவுரித் தொட்டியில் துணி தோய்த்தவர். அதே காலத்தில் தெருமுனைகளில் சோசலிசம் பேசியவர். தம் கையால் ஆக்கிய அழகெல்லாம் செல்வர் மாளிகைகளுக்கே போகிறதே என்று இறுதிவரை உறுத்தலோடு வாழ்ந்தவர். அந்த உறுத்தலை விட்டுவிட்டு, அவருடைய பூக்கோலங்களை மட்டும் எடுத்துக்கொண்டோர் பலர். நமது மரபுக் காவலரும் பெரும்பாலும் இவ்வகையினரே. "இக்கலை அழியலாகாது" என்று அவர்கள் சொல்லும்போது, "யாரோ ஒருவருடைய மகள் கண் மங்கும்வரை முடிச்சிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்" என்பது அதன் உட்பொருள். அந்த மகள் தம் வீட்டு மகளாக இருப்பதை அவர்கள் விரும்புவதில்லை.

இரண்டாவது விடை முன்னேற்றவாதிகள் சிலருடையது. எந்திரம் வந்துவிட்டது, மலிவாகக் கிடைக்கிறது, கைத்தொழில் நிலவுடைமைக் காலத்து எச்சம், அது போகட்டும் என்பர். இதிலும் உண்மை உண்டு. சாவகத்தில் 19ஆம் நூற்றாண்டில் செப்பு அச்சு வந்தபோது மாதக்கணக்கான வேலை நாட்கணக்காயிற்று. எளியவரும் பத்திக் உடுத்தினர். எந்திரத்தைக் குறைகூறி ஏழையைக் கந்தையோடு நிறுத்தும் கலைப்பற்று நமக்கு வேண்டாம். ஆனால் எந்திரம் வந்ததால் முடிச்சிட்டவளின் வாழ்வு உயர்ந்ததா? மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது; ஆயினும் இன்று சுங்குடி என்ற பெயரில் கடைகளில் தொங்குவனவற்றுள் பெரும்பகுதி முடிச்சிட்டவை அல்ல; மெழுகச்சாலும் திரையச்சாலும் ஆனவை. பெயருக்குக் காப்புக் கிடைத்தது. முடிச்சிட்ட கை விடுதலை பெறவில்லை, வேலையைத்தான் இழந்தது. கலையைக் காக்கும் வாதமும் கலையைக் கைவிடும் வாதமும் ஒரே இடத்தில் மௌனமாகின்றன: செய்தவளின் கூலி என்னும் இடத்தில்.

எமது தீவின் பத்திக்கையும் இந்த அளவுகோலால் அளக்கலாம். ஒல்லாந்தர் வழியாகச் சாவகத்திலிருந்து வந்ததென்று கூறப்படும் இக்கலை, 1960களில் எனா டி சில்வா போன்றோர் கைபட்டுப் புதுவாழ்வு பெற்றது. அவர் மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் கிராமப் பெண்களைப் பயிற்றித் தொழிலகம் அமைத்ததை நன்றியோடு நினைக்க வேண்டும். 1970களில் சுற்றுலாப் பயணிகள் பெருகப் பத்திக் பட்டறைகளும் பெருகின. 2020இல் அரசு பத்திக், கைத்தறித் துணிகளுக்கென ஓர் இராஜாங்க அமைச்சையே அமைத்தது. ஆனால் அமைச்சுக்கள் தோன்றி மறையும். பட்டறையின் கொதிதொட்டி மாறுவதில்லை. எமது மாணவியின் அக்காளைச் சந்தித்தோம். உருகிய மெழுகின் புகை நெஞ்சைக் கரிப்பதாகச் சொன்னாள். துண்டுக்கணக்கில் கூலி, சாயம் கசிந்தால் கூலியில் கழிவு. தான் எழுதிய சேலையைக் கடையின் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த அன்று இரவு தனக்குத் தூக்கம் வரவில்லை என்றாள். அவளுடைய தாய் அதே மாவட்டத்தில் விடியற்காலையில் இறப்பர்ப் பால் வெட்டுகிறாள்.

பத்திக் பட்டறையில் மெழுகின் கதி என்ன என்று பார்த்தோம். அழகு பிறக்கும்வரை சாயத்தைத் தடுத்து நிற்கிறது. பிறந்ததும் கொதிநீரில் கரைக்கப்படுகிறது. மேலே மிதக்கும் மெழுகை வழித்தெடுத்து மறுநாள் மீண்டும் உருக்குகிறார்கள். துணியிலே மெழுகின் சுவடு எஞ்சக்கூடாது. எஞ்சினால் துணி தரம் குறைந்தது. இன்றைய சமுதாயம் உழைப்பாளியை நடத்தும் முறையும் இதுவே. மெழுகுக்கு இது இயல்பு. மனிதருக்கு இது அநீதி.

அப்படியானால் எமது விடை என்ன? ஓர் அழகு அறத்தோடு இயைந்ததா என்றறிய ஒரு கேள்வியைக் கேட்போம்: வேறு வழிகள் திறந்திருந்தும், இதைச் செய்பவள் தன் மகளுக்கு இத்தொழிலை விரும்பிக் கற்றுக்கொடுப்பாளா? ஆம் எனின் அக்கலை வாழும், வாழ வேண்டும். இல்லையெனின் அதைக் காப்பதாக நாம் பேசுவதெல்லாம் அவளுடைய வறுமையைக் காப்பதே. தோட்டப்புறத்தில் நாம் இதனை நன்கறிவோம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் தேயிலைப் பெட்டிகளில் உலகமெங்கும் போகிறது. அதுவும் ஓர் அழகுதான். அவளுடைய நாட்கூலி 1000 ரூபாய் என்று 2021இல் வர்த்தமானியில் வரும்வரை எத்தனை ஆண்டுகள் வீதியில் நிற்க நேர்ந்தது!

பறிப்பவளும் முடிச்சிடுபவளும் ஒருத்திக்கு ஒருத்தி எதிரியாகத் தோன்றிய அந்தச் சிக்கலுக்கும் இங்கேதான் அவிழ்ப்பு உண்டு. சேலையின் விலையைக் குறைப்பதால் அது அவிழாது. பறிப்பவளின் கூலி உயர்வதால் அவிழும். உழைப்பவர் ஒருவரின் கூலி மற்றொருவர் கூலிக்குப் பகையன்று. தோட்டத்திலே நியாயமான கூலி பெறுபவள், மதுரையிலே நியாயமான கூலி பெற்றவளின் முடிச்சை உடுத்த இயலும். இருவர் கூலியையும் தாழ்த்தி வைத்திருப்போரே அவர்களை எதிரெதிரே நிறுத்துகின்றனர். இதற்கு நாள் செல்லும் என்பதை அறிவோம். அதுவரை, எந்திரத்துணியை உடுத்தும் ஏழையை இகழாமலும், கைத்துணியை வாங்க வல்லவர் "கூலி எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கடைக்காரரைக் கேட்க வெட்கப்படாமலும் இருந்தால், அதுவே தொடக்கம்.

கண்காட்சி முடிந்த மறுவாரம் அந்தச் சேலையை மீண்டும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னோம். முதலில் அதன்மேல் "சுங்குடிச் சேலை, மதுரை, பழையது" என்று ஓர் அட்டை வைத்திருந்தோம். மாணவர்கள் அதைத் திருத்த முன்வந்தனர். ஒரு சாண் சதுரத்தில் புள்ளிகளை எண்ணினார்கள். வரிசைக்கு 9 வீதம் 81. நீளம் 22 சாண், அகலம் 5 சாண். பெருக்கினால் 8910 முடிச்சு. ஒரு முடிச்சுக்குக் கால் நிமிடமே என்று கொண்டாலும் 37 மணி நேரத்துக்கு மேல். துணியை இரண்டாக மடித்துக் கட்டியிருந்தால் பாதி நேரம் என்று ஒருவன் சொன்னான், அதையும் எழுதிக்கொண்டோம். "அவிழ்க்கிற நேரம் எங்க சேர்?" என்று பத்திக் துண்டைக் கொண்டுவந்த பெண் கேட்டாள். அது கணக்கில் வரவில்லை.

புதிய அட்டையில் பிள்ளைகள் எழுதியது இது: "மதுரையில் ஒரு பெண் 8910 முடிச்சுகள் கட்டினாள். கேகாலையில் ஒரு பெண் இதைத் திருநாளுக்கு உடுத்தினாள். முடிச்சிட்டவள் பெயர் தெரியாது. அவளுக்குக் கிடைத்த கூலி தெரியாது."

அட்டையைப் படித்துக் காட்டியபோது அம்மாயி சேலையை மடித்தபடி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எழுதினது சரி. என் பேரையும் போடச் சொல்லு" என்றார் பேத்தியிடம். போட்டோம்.